ஓரத்து நாற்காலி

என் நண்பரின் இரண்டாவது கவிதைத் தொகுதிக்கு 2012இல் சென்னையில் ஒரு விமர்சனக் கூட்டம் நடந்தது, நூலகம் ஒன்றின் மாடியில். வந்தவர்கள் 18 பேர், பேசியவர்கள் 5 பேர். இந்த விகிதம் நமக்கெல்லாம் பரிச்சயமானதுதான். கல்லூரி மாணவர் ஒருவர், யாரிடமோ இரவல் வாங்கிய காமிராவை முக்காலியில் நிறுத்தி, பொத்தானை அமுக்கிவிட்டு, தானும் பின்வரிசையில் போய் உட்கார்ந்து கூட்டத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டார். படம் எடுப்பதில் அவருக்கிருந்த அசிரத்தையை இப்போது பெரிய குணமாக நினைக்கிறேன். அதன்பின் ஒரு மணி நாற்பது நிமிஷம் காமிரா எந்தப் பக்கமும் திரும்பாமல் ஒரே காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றது. நடுவில் மேஜை, மேஜைக்குப் பின்னால் பேசுகிறவர், வலது பக்கம் சாத்தாத ஜன்னல், இடது ஓரத்தில் சுவரையொட்டி ஒரு நாற்காலி. நாற்காலியில் நண்பர். ஏற்புரைக்குக் கூப்பிட்டபோது கையை மட்டும் அசைத்து மறுத்துவிட்டார். படம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், வேறொன்றும் செய்யவில்லை.

ஐவரில் நானும் ஒருவன். 22 நிமிஷம் பேசினேன். இந்தக் கவிதைகளில் எழுதியவரைக் காணவில்லை, அவர் காதில் விழுந்த குரல்கள்தான் இருக்கின்றன என்பது என் பேச்சின் சாரம். அதைக் குறையாகச் சொன்னேன். கறாரான விமர்சனம் என்று அப்போது எனக்கு நினைப்பு.

நண்பர் 2022இல் இறந்துபோனார். காமிராவைக் கண்டால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற சுபாவம் அவருக்கு. போட்டோக்கள் ஏழெட்டு தேறும். அவர் அசைவதாக இருப்பது இந்த ஒரு ஃபைலில் மட்டும்தான். அது எம்பி4 என்ற வால் ஒட்டிக்கொண்டு என் கம்ப்யூட்டரில் பத்து வருஷத்துக்கும் மேலாகக் கிடந்தது.

அவருடைய தாயார் திருநெல்வேலி ஜில்லாவில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில், 2006 தேர்தல் வாக்குறுதியாகப் பிறந்து அடுத்த சில வருஷங்களில் தமிழ்நாடு முழுக்க வீடு வீடாக வந்து இறங்கிய 14 அங்குலக் கலர் டிவி ஒன்று இருக்கிறது, இன்னும் ஓடுகிறது. பக்கத்தில் நண்பர் வாங்கிக் கொடுத்த டிவிடி ப்ளேயர். யுஎஸ்பி துவாரம் கூட இல்லாத மலிவு ரகம். ஆனால் அந்த அம்மாள் முழுதாகக் கற்றுத் தேர்ந்த யந்திரம் உலகத்தில் அது ஒன்றுதான். ரிமோட்டில் எந்தப் பொத்தான் ஓட்டும், எது நிறுத்தும் என்று விரலுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறான். "அதுக்குள்ள ஆளு தெரியலய்யா, வெளிச்சந்தான் தெரியுது" என்றார் என்னிடம். பிறகு, "சிடியில போட்டுத் தர முடியுமா? நெனச்ச நேரம் நானே போட்டுப் பாத்துக்கிடுவேன்" என்றார்.

இது 2025இல். டிஸ்க் என்பது உலகத்திலிருந்து விடைபெற்றுக்கொண்டிருக்கும் வருஷம். பதிவு செய்யக்கூடிய ப்ளூரே டிஸ்க்குகளின் உற்பத்தியை சோனி அந்தப் பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது. என் லேப்டாப்பில் டிஸ்க் போட வழியே கிடையாது. ரிச்சி தெருவுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கி, வெளியிலிருந்து செருகும் டிவிடி ரைட்டர் ஒன்றும் பத்து டிஸ்க்குகளும் வாங்கினேன். (ரைட்டர் என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள். சொன்னதைப் பிசகாமல் எழுதுகிற ஜாதி.) கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டுடாதீங்க சார், ப்ளேயர்ல பாடாது" என்றார். அப்படியே இழுத்துத்தான் போட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் பழைய ப்ளேயர் ஒன்று இருந்தது. அது டிஸ்க்கை விழுங்கி, கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, டிஸ்க்கே இல்லையென்று திரையில் எழுதிக்காட்டியது.

உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரிக்க முடியாதென்று முப்பது வருஷமாக எழுதி வருகிறவன் நான். இது சம்பந்தமாக யாரோடெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன் என்பது இவ்விதழின் வாசகர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரோடுதான் போட்டேன். இப்போது மூன்று இரவுகள் உட்கார்ந்து ஒன்றிலிருந்து மற்றதை உரித்தெடுக்க வேண்டியிருந்தது. எம்பி4 என்பது படத்தின் பெயரல்ல, பாத்திரத்தின் பெயர். பாத்திரத்துக்குள் படம் ஒரு பாஷையிலும் ஒலி இன்னொரு பாஷையிலும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஃபைலில் படத்தின் பாஷை 2003இல் நிர்ணயமான எச்.264. டிவிடியோ 1996இல் ஜப்பானில் கடைக்கு வந்த சாதனம்; அதற்குத் தெரிந்தது எம்பெக்-2. பின்னால் பிறந்த பாஷையை முன்னால் பிறந்த பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. படத்தை அவிழ்த்து, பழைய பாஷையில் மறுபடியும் சுருட்ட வேண்டும். ஒலியை வினாடிக்கு 48,000 மாதிரிகளாக, அந்தப் பெட்டி ஒப்புக்கொள்ளும் ஏசி-3 என்ற வகையில் மாற்ற வேண்டும். பிறகு எல்லாவற்றையும் துண்டு போட வேண்டும். ஒரு துண்டு ஒரு ஜிபிக்கு மேல் போகக்கூடாது. எந்தத் துண்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஓர் அட்டவணை. டிஸ்க்கில் கீறல் விழுந்து அட்டவணை கெட்டுப்போனால் உதவ, அதற்கு அச்சாக ஒரு நகல். எல்லாம் ஒரு குறிப்பிட்ட பெயருள்ள ஃபோல்டருக்குள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ப்ளேயர் கண்ணெடுத்துப் பார்க்காது. சம்பிரதாயம் பற்றி நாம் கேலியாகப் பேசுவதையெல்லாம் இந்தப் பெட்டியிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் இலவசமாகச் செய்து தருகிற மென்பொருள்கள் இருக்கின்றன. எஃப்எஃப்எம்பெக் என்பதிடம் "பால் டிவிடி" என்று சொன்னால் போதும், அளவுகளை அதுவே நிர்ணயித்துக்கொள்ளும். எனக்குத்தான் அதுவே நிர்ணயித்துக்கொள்வதில் சம்மதமில்லை. என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். 1280 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் இருந்த படம் 720க்கு 576 ஆகிறது. காமிரா வினாடிக்கு 30 சட்டகம் எடுத்திருந்தது. நம் நாட்டு டெலிவிஷன் முறையில் 25. ஆக, ஆறு சட்டகத்துக்கு ஒன்று வீதம் கைவிட வேண்டும். ஒரு மணி நாற்பது நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டேன்: 30,000 சட்டகங்கள். அத்தனையிலும் அவர் இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்க முறையில் எழுதினால் 30ஐக் காப்பாற்றலாம். ப்ளேயர் அதை ஓட்டவும் ஓட்டும். ஆனால் அந்த டிவி ஏற்குமா என்பது நிச்சயமில்லை. கிழவிக்குக் கறுப்பு வெள்ளையில் உருளும் படம் அனுப்பி என்ன செய்ய?

மிச்சத்தையும் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி. (கம்ப்யூட்டர் அதையே 4.37 என்று காட்டும். ஆயிரத்தால் வகுப்பதா 1024ஆல் வகுப்பதா என்கிற தகராறு அது.) நூறு நிமிஷத்துக்குப் பங்கிட்டால் வினாடிக்கு 6 மெகாபிட் சொச்சம். இதற்குள் அடக்க, படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குத் தட்டாத நுட்பங்களைத் தள்ளிவிடுகிறார்கள். இதற்கு ஆதாரமான கணிதம் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நாசிர் அகமதுவுடையது. 1972இல் அதை ஆராய நிதி கேட்டு மனுப் போட்டாராம், கிடைக்கவில்லை; யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் சொன்னதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1974இல் நடராஜன், ராவ் என்ற இருவரோடு சேர்ந்து நான்கு பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகத்தில் நகர்கிற டிஜிட்டல் படங்களில் பெரும்பகுதி அந்த நான்கு பக்கத்தின் தோளில் ஏறித்தான் நகர்கிறது. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் ஆறுதலாக இருக்கக்கூடும்.

எனக்கு இடறியது வேறு. கண்ணுக்குத் தட்டாதவை என்றால், யார் கண்ணுக்கு? சராசரிப் பார்வையாளன் என்றொருவனைக் கற்பித்துக்கொண்டுதான் இந்தக் கணக்குகள் நடக்கின்றன. அவன் மேடையைப் பார்க்கிறவன். ஓரத்து நிழலில் ஒரு மனிதர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டால் அவனுக்குத் தெரியவேண்டியதில்லை. தாயாரை மனதில் வைத்து யாரும் தராதரம் நிர்ணயிப்பதில்லை.

இவ்வளவும் யோசித்தவன், எழுதி முடித்த டிஸ்க்கைத் தையல்காரர் வீட்டில் போட்டுப் பார்த்தபோது என்ன செய்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவருடையது சுவரில் மாட்டிய அகலத் திரை. படம் பளிச்சென்று வந்தது. நான் பேசுகிற இடத்துக்கு ஓட்டி, என் குரல் வாயசைவோடு பொருந்துகிறதா என்று பார்த்தேன். பொருந்தியது. எடுத்து உறையில் போட்டு கூரியரில் அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் போன் வந்தது.

"ஏய்யா, படம் ஓடுது. நீ பேசுத. யார் யாரோ பேசுதாங்க. அவனக் காங்கலியேய்யா."

"இடது பக்கம் ஓரமாப் பாருங்கம்மா. சுவரை ஒட்டி."

"ஓரத்துலயும் இல்ல. செவருதான் இருக்கு."

கண் மங்கிவிட்டது, பாவம், என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் சொன்னேன், கொஞ்சம் நாசூக்காக. கண் டாக்டரிடம் காட்டினீர்களா என்று விசாரித்தேன். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு டிவியை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த போட்டோவில் நடுநாயகமாக நான், வலதில் ஜன்னலின் பாதி. இடது பக்கம் நாற்காலியே இல்லை. அவர் சொன்னது அட்சரசுத்தமாக வாஸ்தவம்.

காரணம் புரிய ஒரு நாள் பிடித்தது. அகலப் படத்தைப் பழைய 4:3 டிவியில் காட்ட ப்ளேயருக்கு இரண்டு வழி உண்டு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுதாகக் காட்டலாம். அல்லது திரை நிரம்பும்படி, இருபக்கமும் எட்டில் ஒரு பங்கு வீதம் வெட்டிவிடலாம். அந்த ப்ளேயர் வெட்டுகிற ஏற்பாட்டில் இருந்தது. கறுப்புப் பட்டை பார்க்க விகாரமாக இருக்கிறதென்று நண்பரே அப்படி வைத்திருக்கலாம். 1280 புள்ளி அகலத்தில் எட்டில் ஒன்று 160. நண்பர் உட்கார்ந்திருந்தது முதல் 150 புள்ளிகளுக்குள்.

பையனைக் கொண்டு போனிலேயே ப்ளேயரின் ஏற்பாட்டை மாற்றப் பார்த்தேன். அந்தப் பட்டியலைத் திறக்கும் பொத்தான் ரிமோட்டில் எப்போதோ செத்துவிட்டிருந்தது. சரி, ப்ளேயருக்குத் தேர்வே கொடுக்காமல், டிஸ்க்கில் எழுதுகிற படத்தையே 4:3 ஆக்கி, 576 வரியில் மேலே 72, கீழே 72 கறுப்பாக விட்டு, நடுவில் 432 வரியில் முழு அகலத்தையும் வைத்தேன். மறுபடியும் கூரியர். மறுபடியும் போன்.

"கையி தெரியுதுய்யா. முழங்காலும் தெரியுது. மொகந்தான் பொட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கு."

இதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பழைய குழாய் டிவிகளில் படம் திரையின் கண்ணாடியைவிடச் சற்றுப் பெரிதாகவே வரையப்படும். மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் பெட்டிக்கு வயதானாலும் படம் சுருங்கி ஓரத்தில் கறுப்புத் தெரிந்துவிடக்கூடாதென்று உற்பத்தியாளர்கள் செய்த முன்ஜாக்கிரதை. ஆகவே நாலு ஓரமும் கொஞ்சம் கொஞ்சம் சட்டத்துக்குள் மறைந்துபோகும். டெலிவிஷன்காரர்களுக்கு இது தெரியும். முக்கியமானதெல்லாம் அகலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குள் நடக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அந்த எல்லைக்கு வெளியே முக்கியமான எதுவும் இருக்காது என்பது அவர்கள் சித்தாந்தம். கம்ப்யூட்டர் திரையோ ஒரு புள்ளி விடாமல் காட்டிவிடும். நான் கம்ப்யூட்டரில் பார்த்தவன். அந்த அம்மாள் ஐம்பது வருஷத்துச் சித்தாந்தத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர் இருக்கும் பகுதியை மட்டும் கத்தரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தாலென்ன என்று இடையில் தோன்றாமலில்லை. செய்தும் பார்த்தேன். 150 புள்ளியை 720க்கு இழுத்தால் ஐந்து மடங்கு; முகம் ஈரச் சுவரில் பூத்த கறை மாதிரி ஆகிவிட்டது. ஆகவே கைவிட்டேன். கறையாக ஆகாதிருந்தாலும் கைவிட்டிருப்பேனோ என்ற சந்தேகம் இருக்கிறது. கத்தரித்தால் அவர் யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாமல் போகும், அது படத்துக்குச் செய்யும் துரோகம் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நானும் இருக்கிறேன் என்பதுதான் நியாயத்தின் அடியில் கிடந்தது.

மூன்றாம் முறை படத்தை இன்னும் சுருக்கினேன். 648 புள்ளி அகலம், 388 வரி உயரம், சுற்றிலும் கறுப்பு. என் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது இரங்கல் போஸ்டர் மாதிரி இருந்தது. டிஸ்க்கை நிதானமாக எழுதச் சொல்லி நாலாம் வேகத்தில் வைத்து, இந்தத் தடவை கூரியரை நம்பாமல் நானே பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. டிவிக்குப் பூத்தையல் போட்ட ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தார். எடுத்து மடித்து வைத்துவிட்டு, டிஸ்க்கை என்னிடமிருந்து வாங்கி, ஓரத்தை மட்டும் பிடித்து, தாமே போட்டார். ப்ளேயர் உறுமியது. படம் வந்தது. கறுப்பெல்லாம் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, இடமும் வலமும் கூட்டம் திரையோடு சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. இடது ஓரத்தில் நாற்காலி, அதில் நண்பர், ஒன்றேகால் அங்குல அகலத்தில்.

அம்மாள் எழுந்து போய் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார், இடது பக்கமாக. முதல் இரண்டு பேர் பேசி முடித்தார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. பிறகு நான் வந்தேன். பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய என் குரலை ஓட்டு வீட்டுக் கூடத்தில் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வாக்கியம் வரப்போகிறது என்பதும் தெரியும். வந்தது. எழுதியவரைக் காணவில்லை என்று மேஜைக்குப் பின்னால் நின்று சொல்கிறேன். ஓரத்தில் நண்பர் தலையைக் குனிந்து சிரிக்கிறார். நான் இதுவரை பார்த்ததில்லை. அன்று அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் எத்தனையோ முறை ஓட்டியும் அந்த இடத்தில் என்னைத்தான் பார்த்திருக்கிறேன்.

அம்மாள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். ஒற்றை வரியும் இரட்டை வரியும் மாறி மாறி வரைகிற அந்தப் பழைய டிவியில், நிறுத்திய படத்தின் மெல்லிய குறுக்குக் கோடுகள் அடங்காமல் துடிக்கும். நண்பரின் கண்ணாடிச் சட்டம் துடித்துக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டினா நடுங்குதான்" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த இடத்துல நீ அவன என்ன சொல்லுத? பாராட்டுதியா, வையுதியா?" என்றார்.

"வையுறேம்மா."

"அதுக்கா சிரிக்கான்?"

"ஆமா."

"சின்னதுலருந்தே அப்பிடித்தான். அவங்க அப்பா வஞ்சாலும் இப்பிடித்தான் குனிஞ்சுகிட்டுச் சிரிப்பான்."

பிறகு ரிமோட்டின் இன்னொரு பொத்தானை, அதை அமுக்கப் பழகிய விரலால், விடாமல் அமுக்கினார். திரையின் அடியில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒன்றுமில்லாமல் ஆயின. படத்தை மறுபடியும் ஓட்டினார். சத்தமில்லாமல் நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். நண்பர் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காவது ஆளும் ஐந்தாவது ஆளும் அப்படியே வந்து போனார்கள். கையை அசைத்து ஏற்புரையை மறுக்கிற இடம் வந்தபோது கட்டம் கட்டமாக அந்தக் கை கலைந்து சேர்ந்தது. அது என்னால் சரிசெய்ய முடியாதது.

ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, இந்த சிடி எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டார். நாமாக எழுதுகிற டிஸ்க்குகள் சாயத்தில் எழுதப்படுபவை, வெயிலும் ஈரமும் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும், கீறல் விழக்கூடாது என்றெல்லாம் சொன்னேன். "அப்ப இன்னும் ரெண்டு போட்டு அனுப்பு" என்றார். பத்தில் நாலு போக மீதி ஆறு இருந்தன. ஆறையும் எழுதி அனுப்பிவிட்டேன்.